காப்பி குடிக்காத இருவர் காரைக்காலில்

நாகூர்ப் பயணம் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அப்படியே காரைக்காலும் போகலாம் என்றிருக்கிறோம். நீங்கள் அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா?" போயிருக்கிறேனாவா! அம்மா, நான் அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு காரைக்காலுக்குப் போனவன். அப்போது அது வெளிநாடு. வேட்டியும் மீன் குழம்பும் நம்முடையவை, கொடி மட்டும் பிரெஞ்சுக்காரனுடையது.

அது 1953, பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். எனக்கு இருபது வயது. வெள்ளைச் சட்டையும் கழுத்தில் டையுமாக இருவர் இருவராகப் போகும் மார்மன் சபைப் பையன்களை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். எங்கள் சபை வேறு, மிகச் சின்னது. ஆனால் சட்டதிட்டம் ஏறத்தாழ அதேதான். இரண்டு வருடம் ஊழியம். எப்போதும் ஜோடியாக இருக்க வேண்டும், குளிக்கப் போனாலும் ஜோடியாகத்தான். மது, புகையிலை, வெற்றிலை, காப்பி, டீ எதுவும் கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். சனிக்கிழமை இருட்டியதிலிருந்து ஞாயிறு இருட்டும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது.

என் ஜோடி டேனியல். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், வேலூர்ப் பக்கத்துக்காரர், நல்ல குரல் வளம். சட்டம் என்று வந்துவிட்டால் ஆள் கருங்கல். நான் திருநெல்வேலித் தேரிக்காட்டில் பிறந்தவன். சபையில் சேரும்வரை காலையில் கருப்பட்டிக் காப்பி இல்லாமல் கண் திறந்ததில்லை. எங்கள் இருவரையும் ஒரே நுகத்தில் பூட்டிய புண்ணியவான் எங்கள் மேற்பார்வையாளர். சென்னையில் வண்டியேற்றும்போது அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "மே மாத முதல் திங்கட்கிழமை நானே காரைக்கால் வருகிறேன். அதற்குள் ஒரே ஒரு வீட்டில் உங்களைக் கூப்பிட்டுத் தங்கள் வாசலில் ஜெபக்கூட்டம் நடத்தச் சொன்னால் போதும், அங்கே ஊழியத்தைத் தொடரலாம். இல்லையென்றால் காரைக்காலை விட்டுவிடுவோம். ஜெயராஜ், நீ அச்சகத்துக்கு வந்துவிடு, பிழை திருத்த ஆள் தேவைப்படுகிறது."

அச்சகம்! அந்த மை நாற்றத்திலும் மேசையிலுமா போய் உட்காருவது? ஊர் ஊராக நடக்கவும், தெரியாத மனிதர்களோடு பேசவும், பாடவும்தானே வந்தேன்? எப்படியாவது ஒரு வீட்டைப் பிடித்துவிடுவது என்று எழும்பூரிலேயே சபதம் எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி வண்டி விடிவதற்குள் மாயவரத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பேரளம், பேரளத்தில் வண்டி மாறி காரைக்கால். டிக்கெட் விலை நினைவில்லை, சும்மா ஓர் எண்ணைச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். மாயவரம் நிலையத்தில் காப்பி மணம் மூக்கைத் துளைத்தது. நான் கொஞ்சம் மெதுவாக நடந்திருப்பேன் போல. டேனியல் என் முழங்கையைப் பிடித்து நடைமேடையின் மறுகோடிக்கு இழுத்துப் போய், கூஜாவைத் திறந்து தண்ணீர் கொடுத்தார். அவரும் குடித்தார். அண்ணாந்து குடிப்பதில் மன்னர் அவர்; ஓடுகிற வண்டியில்கூட டை மேல் ஒரு சொட்டு விழாது. சின்ன வயதிலிருந்து அப்படியே பழக்கம், பாத்திரத்தில் வாய் வைத்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்.

பேரளத்திலிருந்து காரைக்கால் பதினைந்து மைலுக்குள்தான். ஆனால் நடுவில் எல்லை வருகிறதே! சுங்க அதிகாரி ஏறி எங்கள் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே பாட்டுப் புத்தகங்கள், துண்டுப் பிரசுரங்கள், ஆளுக்கு இன்னொரு வெள்ளைச் சட்டை.

"எதுக்குப் போறீங்க?"

"தேவனுடைய செய்தியைச் சொல்லப் போகிறோம், ஐயா," என்றார் டேனியல்.

அதிகாரி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "போறப்ப எல்லாரும் நல்லவனாத்தான் போறான். திரும்பி வர்றப்ப கைக்கடியாரம், சரக்குன்னு எதையாச்சும் சட்டைக்குள்ள சொருவிக்கிட்டு வராம இருங்க, அது போதும்." சரக்கைத் தொடவே தொடாத இரண்டு பேரிடம் இதைச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டேனியல் சிரிக்கவில்லை.

இறங்கியதும் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு "போங்க முசே" என்றார். முசே! பிரெஞ்சில் 'ஐயா'. வெளிநாட்டு மண்ணில் முதல் மரியாதை! எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கடை வாசலில் நீளமான ரொட்டிகள், வீதிப் பலகையில் பிரெஞ்சும் தமிழும், கடல் காற்றில் கருவாட்டு வாசம். மாதா கோயில் மணி அடித்து முடிப்பதற்குள் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கடைத்தெருவில் அபூபக்கர் என்ற மரைக்காயர் கயிறும் பாய்மரத் துணியும் விற்றுக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். அவருடைய சித்தப்பா சைகோனில் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, மாத வாடகை எட்டு ரூபாய். "பொட்டப் புள்ளைங்க பொழங்குற எடம் தம்பி, கீழ வர்றப்ப ஒரு கொரல் குடுத்துட்டு எறங்குங்க," என்றார். நாங்கள் பாடிக்கொண்டே இறங்கினோம். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்களும் அவரைக் காக்கா என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

எங்கள் நாள் எப்படி என்று கேட்பவர்களுக்கு: ஐந்து மணிக்கு எழுந்து ஜெபம், பிறகு வேதப்படிப்பு. செம்புக்குள் நெருப்புத் துண்டுகளைப் போட்டு சட்டைக்கு மடிப்புத் தேய்ப்பது என் வேலை. கஞ்சியைக் கருக விடுவது டேனியலின் வேலை. எட்டு மணிக்கு வெளியே இறங்கினால் வெயில் தாழும்வரை வீடு வீடாக. "நீங்க ஃபாதரா?" "இல்லை." "கல்யாணம் ஆச்சா?" "இல்லை." "அப்ப ஏன் வேல வெட்டி இல்லாம சுத்துறீங்க?" இந்த மூன்று கேள்விகளும் இதே வரிசையில் எல்லா வாசலிலும் வரும். பதில் சொல்லச் சொல்ல எனக்கு உற்சாகம் கூடியதே தவிரக் குறையவில்லை. சிலர் விரட்டினார்கள், சிலர் வாதம் செய்தார்கள், தலத்தெருவில் ஒரு வீட்டில் நாய் என் டையைக் கவ்விவிட்டது. ராத்திரி முழங்காலில் நின்று நன்றி சொல்லும்போது நாய்க்கும் சேர்த்து நன்றி சொன்னேன். அந்த வயதில் விசுவாசம் என்பது காலில் இருந்தது.

ஏப்ரல் முதல் ஞாயிறு எங்கள் உபவாசம். தெரியாமல் அபூபக்கர் காக்கா இஞ்சி டீ போட்டு மேலே கொண்டுவந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னோம்.

"தண்ணிகூட இல்லயா? அட, நம்ம நோன்பு மாதிரில்ல இருக்கு!" அவருக்கு ஒரே சந்தோஷம். "நமக்கும் அடுத்த மாசம் நோன்பு வருது தம்பி. பட்டினி கெடக்குறதுல நாம எல்லாரும் ஒரு கட்சிதான்." மறுநாளிலிருந்து டீக்குப் பதில் நன்னாரி சர்பத் வந்தது. இதனால் என்ன ஆயிற்றென்றால், காப்பி வேண்டாம் என்றால் ஊரில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நாங்கள் நம்பிவிட்டோம்.

காரைக்காலிலிருந்து குரும்பகரம் ஆறு மைல் என்றார்கள். என் கால் ஏழு என்றது. தலத்தெருவைத் தாண்டி மேற்கே நடந்தால் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயல்கள். வேலை இல்லாத மாதம் என்பதால் ஆட்கள் வீட்டில் இருந்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த கூலிக்காரர் தெருவில் டேனியல் பாட ஆரம்பித்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னால் வந்து நின்றவள் செல்லம்மா, பண்ணையாள் மாரிமுத்துவின் மனைவி. எங்கள் வயதுதான் இருக்கும்.

"இன்னொரு பாட்டு படிங்க சாமி," என்றாள்.

"சாமி எல்லாம் வேண்டாம். அண்ணன் என்று கூப்பிடுங்கள். தேவனுக்கு முன்னால் நாம் எல்லாரும் சகோதரர்கள்," என்றார் டேனியல்.

"மெய்யாலுமா? அப்ப இன்னொண்ணு படிங்கண்ணே!" தெருவே சிரித்தது. மூன்று முறை போனோம். மூன்றாவது முறை மாரிமுத்து, "நம்ம வூட்டு வாசல்லயே ஒரு நாளைக்கி வச்சிக்கலாம்ண்ணே ஒங்க கூட்டத்த," என்று அவன் வாயாலேயே சொன்னான். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பெரியவர் வரும் நாளையும் அவனிடம் சொல்லிவைத்தேன். அச்சகம் தப்பித்தது, நான் தப்பித்தேன்!

அப்போது செல்லம்மா உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். வெல்லக் காப்பி. கடைக்குப் போய்த் தூள் வாங்கிவந்து, கல்யாணத்துக்கு வந்த பித்தளை லோட்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, அதில் ஊற்றிக் கொண்டுவந்தாள். அந்த ஊர் டீக்கடையில் அவர்களுக்குத் தனிக் குவளை. வெளியே ஆணியில் தொங்கும், குடித்துவிட்டு அவர்களே கழுவி மாட்ட வேண்டும். அதை நாங்கள் பார்த்துத்தான் இருந்தோம். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

டேனியல் இரண்டு கையும் கூப்பிக்கொண்டு, "மன்னிக்க வேண்டும், நாங்கள் குடிப்பதில்லை," என்றார். நானும் தலையாட்டினேன், அதுவும் சிரித்துக்கொண்டு. செல்லம்மா லோட்டாவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "சரிங்க சாமி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த முறை போனபோது தெரு அடைத்துக் கிடந்தது. "வேல இருக்குதுங்க." "இன்னொரு நாளு வாங்க." மாரிமுத்து வீட்டில் படல் சாத்தியிருந்தது. பாடினோம், ஒரு கோழிதான் வந்து நின்றது. அதற்கடுத்த முறையும் அப்படியே. ஊருக்குள் யாரோ மிரட்டியிருக்க வேண்டும், இது சோதனைக் காலம், இன்னும் ஊக்கமாக ஜெபிக்க வேண்டும் என்றார் டேனியல். ஜெபித்தோம். ஏப்ரல் ஓடிக்கொண்டிருந்தது. நான் ராத்திரி கண்ணை மூடினால் அச்சுக்கோப்பவரின் கைதான் தெரிந்தது.

கடைசியில் குளத்துப் படியில் செல்லம்மாவே எதிர்ப்பட்டாள். ஓடிப்போய்க் கேட்டேன்: "ஏன்மா, நாங்க என்ன தப்பு செஞ்சோம்?"

குடத்தை இறக்கி வைத்தாள். "தப்பு என்னாங்க சாமி இருக்கு? நாங்க தொட்டுக் குடுத்தத நீங்க குடிக்கல. ஊரு ஒலகத்துல நடக்குறதுதான. அண்ணேன்னு மட்டும் கூப்புடச் சொல்லாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, அது அப்படி இல்லம்மா! காப்பியே எங்களுக்கு ஆகாது. எங்க சபைக் கட்டளை. ராஜா வீட்டுல குடுத்தாலும் குடிக்க மாட்டோம்!"

"ஆமாமா. பண்ணை வூட்டுக்காரவங்களும் இதத்தான் சொல்லுவாங்க. ஒரு நாளு வெரதம்பாங்க, ஒரு நாளு பத்தியம்பாங்க. கேக்குறதுக்கு எங்களுக்கும் ரெண்டு காது இருக்குதுல்ல," என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வரும் ஆறு மைலும் கல்லை உதைத்துக்கொண்டே நடந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. என் தாத்தா பனையேறி. கோயில் தெருவில் செருப்புப் போட்டு நடக்க அவரை விட்டதில்லை. அவர் பேரன் மேல் இந்தப் பழியா! விளக்கிச் சொல்லவும் வழியில்லை. நாங்கள் சொல்லக்கூடிய உண்மை, அவள் ஆயுசு முழுக்கக் கேட்ட பொய்யைப் போலவே இருந்தது. டேனியல் ராத்திரி கஞ்சியைத் தொடவில்லை. "காப்பியைக் குடித்துவிடலாமா?" என்று கேட்டேன். "கட்டளை கட்டளைதான், பிரதர்," என்றார். ஆனால் குரலில் வழக்கமான கருங்கல் இல்லை.

அப்படியே மே மாத முதல் ஞாயிறு வந்தது. மறுநாள் மேற்பார்வையாளர் வருகிறார். எங்கள் கையில் ஒரு வீடும் இல்லை. அன்று உபவாசம் வேறு. அறையிலேயே ஜெபத்தில் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். டேனியல்தான் டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். "கடைசியாக ஒரு முறை போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவோம். வீடு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை."

சித்திரை வெயிலில், முதல்நாள் இருட்டியதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் குரும்பகரம் நடப்பதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். நாலாவது மைலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாய்க்காலில் பாசி பிடித்துக் கிடந்த தண்ணீர்கூட எனக்கு அழகாகத் தெரிந்தது. செல்லம்மா வீட்டுப் படலுக்கு வெளியே போய் நின்றபோது உச்சி வெயில். பாட்டுப் பாடவும் தொண்டையில் ஈரம் இல்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். மாரிமுத்துவும் பின்னால் வந்து நின்றான். டேனியல் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல்தான் வந்தது. செல்லம்மா எங்கள் காய்ந்த உதட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் அதே பித்தளை லோட்டா. பழைய சோற்று நீராகாரம். உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டது. அந்த வாசனையை நான் இன்றைக்கும் சொல்ல முடியும்.

"இது காப்பி இல்லீங்க சாமி. இதுக்கும் கட்டள இருக்குதா?" என்றாள்.

இருக்கிறதே! இன்றைக்குப் பார்த்து இருக்கிறதே! இன்னும் ஆறேழு மணி நேரம் கழித்துக் கேட்டிருந்தால் அண்டாவோடு குடித்திருப்பேனே! "இன்று எங்களுக்கு உபவாசம்" என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாளு வெரதம், ஒரு நாளு பத்தியம். நான் கையை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் டேனியலைப் பார்த்தேன். எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில் தலைகள் எட்டிப் பார்த்தன.

டேனியல் லோட்டாவை இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் லோட்டாவின் விளிம்பில் வாயை வைத்தார். பிறந்ததிலிருந்து எந்தப் பாத்திரத்திலும் வாய் வைக்காதவர், வைத்த வாயை எடுக்காமல் மடக் மடக்கென்று பாதிக்கு மேல் குடித்தார். டை முழுக்க வழிந்தது. அப்புறம் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே லோட்டாவை அப்படியே என்னிடம் நீட்டினார். நானும் வாய் வைத்துத்தான் குடித்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயத்தால் இல்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்குதாம்மா?" என்றார் டேனியல்.

செல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். "பானையே இருக்குதுண்ணே. உள்ள வந்து குந்துங்க. என்னாத்துக்கு வெயில்ல நிக்கிறீங்க?" அண்ணே! எனக்கு அந்தத் தெருவிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. மாரிமுத்து படலை முழுக்கத் திறந்துவிட்டு, "நாளைக்கி ஒங்க பெரியவரு வர்றாருன்னீங்களே, இங்கயே இட்டாந்துருங்க. வாசல்ல கீத்து போட்டுடுறேன்," என்றான்.

போகிற வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய பேரளம் பாதையை நம்பிக் கிளம்பாதீர்கள். இப்போது என்ன வண்டி ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நாகூரிலிருந்து பஸ் தாராளமாக உண்டு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடலாம். கடற்கரைக்குச் சாயங்காலம் போங்கள். தைக்குப் பிறகு போனால் வயல் காய்ந்திருக்கும். பச்சை பார்க்க வேண்டுமானால் ஐப்பசி கழித்து, மழை விட்டதும் போங்கள். நெடுங்காடு பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் குரும்பகரம் போய்விடலாம், எங்களைப் போல நடக்க வேண்டாம். அனுமதிச் சீட்டும் வேண்டாம். யார் வீட்டிலாவது குடிக்க ஏதாவது கொடுத்தால் ஆகும் ஆகாது என்று அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். உங்களுக்கு ஆகிற ஒன்றை நீங்களே கேட்டு வாங்கிக் குடித்துவிடுங்கள். நான் இன்றுவரை காப்பி குடிப்பதில்லை. யார் வீட்டு வாசலில் ஏறினாலும் முதலில் தண்ணீர் கேட்டுவிடுவேன்.

மேற்பார்வையாளர் திங்கட்கிழமை வந்தார். மாரிமுத்து வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே தெருவே உட்கார்ந்திருந்தது. துணைக்கு வந்த அபூபக்கர் காக்காவும் ஓரமாக நின்று கேட்டார். கூட்டம் முடிந்து வயல் வரப்பில் திரும்பி வரும்போது மேற்பார்வையாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நல்லது, நல்லது. இங்கேயே இருங்கள்," என்றவர், வழக்கமான கேள்வியையும் மறக்காமல் கேட்டார்: "நேற்று உபவாசம் இருந்தீர்களா?"

டேனியலுக்குப் பொய் வராது என்று எனக்குத் தெரியும். அவர் டையில் காய்ந்துபோயிருந்த நீராகாரக் கறையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இருந்தோம் ஐயா," என்றார். "குரும்பகரம் வரைக்கும்."